கண்டவர் சொல்லைச் சரிபார்ப்பது யார்?

மதுரை விளாங்குடியிலிருந்து வைகையைக் கடந்தால் சம்மட்டிபுரம் அதிகத் தொலைவில்லை. கான்சாகிப் யூசுப் கானின் அடக்கத்தலம் அங்கேதான் இருக்கிறது. 1763-64இல் ஆங்கிலேயர் படையும் ஆற்காட்டு நவாபின் படையும் மதுரைக் கோட்டையைச் சூழ்ந்தபோது மாதக்கணக்கில் தாக்குப்பிடித்தவர் என்றே மக்கள் அவரை நினைவில் வைத்திருக்கிறார்கள். அதற்குப் பத்தாண்டு முன்பே ஒரு பொய்த் தகவல் அவர் உயிருக்கு உலைவைக்கப் பார்த்தது. அந்தக் கதை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

அப்போது அவர் திருச்சியில் ஆங்கிலத் தளபதி ஸ்டிரிஞ்சர் லாரன்ஸின் கீழ் இருந்தார். அந்தப் பக்கத்து வழிகளெல்லாம் அவருக்கு அத்துபடி. எதிரியின் நடமாட்டத்தை வேவு பார்ப்பதிலும், தானிய வண்டிகளைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்ப்பதிலும் லாரன்ஸ் அவரையே நம்பினார். 1754இல், யூசுப் கான் எதிர்த்தரப்பிலிருந்த மைசூர்ப் படையோடு ரகசியம் பேசுவதாகக் காட்டும் கடிதம் ஒன்று கிடைத்தது. விசாரித்ததில் கடிதமே போலி. அதன் பின்னணியில் இருந்தவர் லாரன்ஸின் மொழிபெயர்ப்பாளர் பொன்னியப்பா. மைசூரோடு பேரம் பேசியவரும் அவரே. அவரைப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டார்கள்.

விசாரணை என்று ஒன்று நடந்ததால் யூசுப் கான் பிழைத்தார். போர்க்களத்தில் அதற்கு எப்போதும் நேரம் கிடைப்பதில்லை.

கி.மு. 58இல் ஜூலியஸ் சீசர், இன்றைய பிரான்ஸில் ஹெல்வெட்டியர் என்ற இனத்தாரைத் துரத்திக்கொண்டிருந்தார். எதிரி முகாமுக்கு மேலிருந்த குன்றைத் துணைத்தளபதி லேபியனஸ் இரவோடு இரவாகப் பிடித்துவிட்டார். சீசரும் விடியும் நேரத்தில் முகாமை நெருங்கிவிட்டார். இருபுறமும் தாக்க வேண்டியதுதான் பாக்கி. முன்னே வேவு பார்க்கப் போன கன்சிடியஸ் குதிரையில் பறந்து வந்தார்: குன்று எதிரியின் கையில் இருக்கிறது, ஆயுதங்களையும் சின்னங்களையும் பார்த்தே சொல்கிறேன் என்றார். பெரிய தளபதிகளிடம் பணியாற்றிப் பெயரெடுத்தவர் என்பதால் சீசர் நம்பிப் பின்வாங்கினார். பொழுது ஏறிய பிறகுதான் மற்ற வேவுகாரர்கள் மூலம் உண்மை தெரிந்தது. குன்றில் இருந்தது லேபியனஸ்தான். பயத்தில் கன்சிடியஸ் காணாததைக் கண்டதாகச் சொல்லியிருந்தார். அதற்குள் எதிரி முகாமைக் கலைத்துப் புறப்பட்டுவிட்டான்.

இந்த ஆபத்துக்கு மாற்று திருக்குறளின் ஒற்றாடல் அதிகாரத்தில் தெளிவாக இருக்கிறது. ஓர் ஒற்றன் கொண்டுவந்ததை இன்னோர் ஒற்றனைக் கொண்டு சோதிக்க வேண்டும். ஒருவரையொருவர் அறியாத மூவர் சொல் ஒத்துவந்தால் தெளியலாம். ஒரே ஒரு கன்சிடியஸை நம்பிப் படையைத் திருப்பக் கூடாது என்பதே இதன் பொருள். சந்தேகம் மட்டுமே முந்திக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்குப் புறநானூறு சாட்சி: சோழன் நலங்கிள்ளியிடமிருந்து உறையூருக்கு வந்த புலவர் இளந்தத்தனை ஒற்றன் என்று கருதி, அவன் பகைவனான நெடுங்கிள்ளி கொல்லப்போனான். கோவூர் கிழார் பாடித்தான் காப்பாற்ற வேண்டியிருந்தது.

நம் காலத்துக்கு வந்தால், 1999 மே 3 அன்று கார்கிலின் பட்டாலிக் பகுதியில் ஊடுருவியவர்களை முதலில் கண்டு ராணுவத்திடம் சொன்னவர் தாஷி நம்கியால் என்ற மேய்ப்பர். காணாமல் போன மாட்டைத் தேடிப் போனவர் அவர். குளிர்கால ஹெலிகாப்டர் ரோந்துகளின் கண்ணில் அந்த ஊடுருவல் படவில்லை. திருச்சியில் பிறந்த கே. சுப்ரமணியம் தலைமையிலான கார்கில் ஆய்வுக் குழு இன்னொரு குறையையும் கண்டது. எல்லைக்கு அப்பால் நடமாட்டம் கூடுவதாக 1998 ஜூனிலேயே உளவுப் பிரிவான ஐ.பி. எழுதியிருந்தது. ஆனால் அந்தக் குறிப்பு வெளிநாட்டு உளவு அமைப்பான ரா தலைவருக்கோ, கூட்டு உளவுக் குழுத் தலைவருக்கோ, ராணுவ உளவு இயக்குநருக்கோ நேரடியாக அனுப்பப்படவில்லை. ஒரு துறை கண்டதை இன்னொரு துறை ஒப்பிட்டுப் பார்க்க முறையான ஏற்பாடு இல்லாமல் இருந்தது. அந்தப் போரில் 527 வீரர்கள் உயிரிழந்தார்கள்.

இன்று ட்ரோனும் செயற்கைக்கோளும் வந்துவிட்டதால் இந்தச் சிக்கல் தீர்ந்துவிட்டதாகத் தோன்றலாம். ஆனால் 2025 மே மாத இந்தியா-பாகிஸ்தான் மோதலின்போது கராச்சித் துறைமுகம் தகர்க்கப்பட்டதாகச் சில இந்தியத் தொலைக்காட்சிகள் அடித்துச் சொன்னன. அப்படி எதுவும் நடக்கவில்லை. வாட்ஸ்அப்பில் பழைய படங்களும் வீடியோ கேம் காட்சிகளும் போர்க்காட்சிகளாகச் சுற்றின. கன்சிடியஸாவது குன்றுவரை குதிரையில் போய்ப் பார்த்தார். இந்தத் தொலைக்காட்சிக்காரர்கள் ஸ்டூடியோவை விட்டு நகரவே இல்லை.

எனவே பாதுகாப்பு நிதியில் கருவிகள்மீது செலுத்தும் அக்கறை, அவை காட்டுவதைச் சோதிக்கும் ஆட்கள்மீதும் வேண்டும். உள்ளூர் மொழியும் நிலமும் தெரிந்தவர்கள் அந்தப் பணியில் இருக்க வேண்டும்; மேலதிகாரி விரும்பாத முடிவைச் சொன்னாலும் அவர்கள் பதவிக்குப் பாதுகாப்பு வேண்டும். போர்ச் செய்தியை இரண்டு தனித்தனி வழிகளில் உறுதிசெய்யாமல் ஒளிபரப்புவதில்லை என்று செய்தி நிறுவனங்கள் தமக்குத் தாமே விதி வகுத்துக்கொள்ள வேண்டும். கார்கில் அறிக்கை 2000 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டபோது அதன் சில பகுதிகள் மறைக்கப்பட்டிருந்தன. கால் நூற்றாண்டு கடந்துவிட்ட நிலையில், நாட்டின் பாதுகாப்புக்கு இனி ஊறு செய்யாதவற்றையாவது அரசு வெளியிட வேண்டும். வெலிங்டன் ராணுவக் கல்லூரியில் பயிலும் அதிகாரிகள் மட்டுமல்ல, வரி கட்டும் குடிமக்களும் அவற்றைப் படிக்கட்டும்.