கல்வெட்டும் சிலேட்டும்

உத்திரமேரூர்க் கல்வெட்டு உலகப் புகழ் பெற்றது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 921-ல் வெட்டப்பட்டது. குடவோலைத் தேர்தலுக்குத் தகுதி உள்ளவர் யார் என்று அது சொல்கிறது.

நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வயது 35-க்கு மேல், 70-க்குள் இருக்க வேண்டும். வேதக் கல்வி வேண்டும். இந்த நான்கில் ஒன்று குறைந்தாலும் பெயர் குடத்துக்குள் போகாது!

இன்றைய மின்னணுச் சில்லும் இப்படித்தான் முடிவு செய்கிறது. நான்கு கம்பிகளில் "ஆம்" அல்லது "இல்லை" என்று சேதி வருகிறது. மொத்தம் 16 வகை. ஒவ்வொரு வகைக்கும் விடை சில்லுக்குள் இருக்கிறது.

சாதாரணச் சில்லு கல்வெட்டு மாதிரி. செய்த பிறகு மாற்ற முடியாது. 'எப்.பி.ஜி.ஏ.' என்ற சில்லோ சிலேட்டு மாதிரி. அழித்து அழித்து எழுதலாம். 1985-ல் அமெரிக்காவின் சைலின்க்ஸ் கம்பெனி வெளியிட்ட முதல் சில்லில் 64 கட்டங்களே இருந்தன. இன்று பெரிய சில்லுகளில் லட்சக்கணக்கில் இருக்கின்றன.

சென்னை ஐ.ஐ.டி.யில் பிறந்த 'சக்தி' என்ற கம்ப்யூட்டர் மூளை 2018-ல் சில்லாக வந்தது. அதன் வடிவமைப்பை யாரும் இலவசமாக எடுத்து, எப்.பி.ஜி.ஏ. பலகையில் ஓட்டிப் பார்க்கலாம்.

பலகை வாங்கப் பணம் இல்லையா? தொடக்கத்தில் பலகையே வேண்டாம்! 'வெரிலாக்' என்ற மொழியில் எழுதியதைக் கம்ப்யூட்டரிலேயே சோதிக்க, 'ஐகரஸ் வெரிலாக்' இலவசமாகக் கிடைக்கிறது. பழைய கம்ப்யூட்டரே போதும்.

முதல் பாடமாகக் குடவோலை விதியையே எழுதலாம். நான்கு கேள்வி, ஒரு விளக்கு. 16 வகையையும் சோதிக்க வேண்டும். ஒரே ஒரு வகையில்தான் விளக்கு எரிய வேண்டும்.

ஒன்றை மறக்கக் கூடாது. சாதாரணப் புரோகிராம் வரிவரியாக ஓடும். வெரிலாக்கில் எழுதுவது மின்சுற்று. கல்யாண வீட்டில் அடுப்படியும் பந்தியும் மேளமும் ஒரே நேரத்தில் நடப்பது போல், எல்லாப் பகுதியும் சேர்ந்தே வேலை செய்யும். புதிதாகப் படிப்பவர்கள் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

ஆனால், கரையில் நின்று நீச்சல் முழுதும் வராது. ஒரு நாள் பலகையைத் தொட்டாக வேண்டும். அழித்து எழுதும் பலகை ஒன்று இருந்தால், ஊரில் பலர் முறை வைத்துப் படிக்கலாம். கல்லூரிகள் அதை அலமாரியில் பூட்டி வைக்கலாமா? நூலகத்தில் புத்தகம் கொடுப்பது போல் பலகையும் கொடுக்க வேண்டும்.

அன்று நிலம் இல்லாதவர் பெயர் குடத்துக்குள் போகவில்லை. இன்று பலகை இல்லாதவர் பெயர் வெளியே நிற்கக் கூடாது!