தவளைத் தோலும் தமிழன் நாணமும்

“பெப்டைடு, நியூக்ளியோடைடு என்பவற்றுக்கெல்லாம் தமிழில் சொல் ஏது?” என்று புதுவையில் கற்றார் சிலர் நகையாடுகின்றனர். நகைக்குமுன் அவர்கள் ஒரு தவளையின் செய்தியைக் கேட்கட்டும்.

தவளைத் தோலில் ஊறும் நீர்மையில், நுண்ணுயிர்களைக் கொல்லும் புரதத் துணுக்குகள் உள்ளன. அவற்றைத்தான் ‘பெப்டைடு’ என்கின்றனர். திருவனந்தபுரம் இராசீவ் காந்தி உயிர்த்தொழில்நுட்ப நடுவத்தாரும் அமெரிக்க எமரிப் பல்கலைக்கழகத்தாரும் அத்தகைய 32 துணுக்குகளைச் சளிக்காய்ச்சல் நச்சுயிரியின்மேல் ஏவிப் பார்த்தனர். நான்கு அதனை அழித்தன. அந்நான்கனுள் மூன்று, மாந்தரின் செங்குருதி அணுக்களையும் சிதைத்தன. எஞ்சிய ஒன்றே குருதிக்குத் தீங்கின்றி எச்1 வகை நச்சுயிரியை உடைத்தது. நோயுற்ற எலிகளையும் காத்தது. மாந்தர்க்கு மருந்தாக அது கடக்கவேண்டிய வழி நெடிது.

2017-இல் முடிவு வெளிவந்தபோது அத்துணுக்குக்கு இட்ட பெயர் யாது? ‘உறுமின்’! கேரளக் களரியில் சுழற்றும் சுருள்வாளுக்கு அங்கு உறுமி என்று பெயர். (நமக்கு உறுமி என்பது பறை, வாள், சுருள்வாளே.) மலையாளச் சொல் உலக ஆய்விதழில் ஏறிற்று, ஆங்கிலேயன் எவனும் பல்லைக் காட்டவில்லை. அத்தவளையின் இனப்பெயரோ ‘பகுவிசுதாரா’. பரந்து வாழ்வது என்னும் பொருளுடைய வடசொல். மலையாளத்துக்கு இடமுண்டு, வடமொழிக்கு இடமுண்டு, தமிழுக்கு மட்டும் கதவடைப்பா?

‘பெப்டைடு’ வானினின்று விழுந்ததா? செரித்தல் என்னும் பொருளுடைய கிரேக்க வேர் அது. ‘நியூக்ளியசு’ என்பது இலத்தீனில் கொட்டைக்குள் இருக்கும் பருப்பு. அவர்தம் அடுக்களைச் சொற்களே அறிவியல் ஆயின! நாம் புரதத் துணுக்கு என்றால் கொச்சையாம். உட்கரு என்றால் புரியாதாம். உட்கரு அமிலம் தமிழ்ப் பாடநூல்களில் பல்லாண்டாக வழங்கும் சொல்லாயிற்றே!

1954-இல் பிரெஞ்சியர் புதுவையை விட்டகன்றனர். அவர் மொழியின் இருக்கையில் ஆங்கிலம் அமர்ந்தது. 2023-இல் அரசுப் பள்ளிகளின் மேல்வகுப்புகளிலும் நடுவண் பாடத்திட்டம் புகுந்தது. பாவேந்தர் பிறந்த ஊரில், அரசுப் பள்ளிப் பிள்ளை தவளையின் தோலைத் தமிழில் தொட்டறிகிறான். அதனுள் இருப்பதை மட்டும் ஆங்கிலத்தில் உருவேற்றுகிறான். பொருள் கேட்டால் விழிக்கிறான். புரதத் துணுக்கு என்று ஒருமுறை சொல்லியிருந்தால், அவன் விழித்திருப்பானா?