கால் போனால் எத்தனை சதவீதம்?

கப்பலூர் தொழிற்பேட்டைக்குப் போகும் லாரியானாலும் மாட்டுத்தாவணி சந்தைக்கு வரும் லாரியானாலும் வழியில் ஏதாவது ஓர் ஊர் விலக்கில் திரும்பித்தான் ஆக வேண்டும். நீளமான லாரி இடப்பக்கம் திரும்பும்போது, முன்சக்கரம் போன தடத்தில் பின்சக்கரம் போவதில்லை. உள்வாங்கி, ஓரத்தை வெட்டிக்கொண்டு வரும். சைக்கிளிலும் மொபெட்டிலும் வேலைக்குப் போகிறவர்கள் அந்த ஓரத்தில்தான் நிற்கிறார்கள். வலப்பக்கம் உட்கார்ந்திருக்கும் ஓட்டுநரின் கண்ணில் அவர்கள் படுவது அரிது.

இப்படிக் கால் நசுங்கியவர் காலனியைச் சேர்ந்த கொத்தனாராகவோ சித்தாளாகவோ இருந்தால், ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கே ஆள் வந்துவிடும். "கோர்ட், கேஸ் என்று எத்தனை வருஷம் அலைவீர்கள்? ஊருக்குள் பேசி முடித்துக்கொள்ளலாம்" என்பார்கள். லாரிக்காரருக்காகப் பேச வருபவர், நாளை நமக்கு வேலை தரவேண்டியவராகவும் இருப்பார். அவர் முகத்துக்காகக் கையெழுத்துப் போட்ட குடும்பங்கள் பல. அந்தக் கையெழுத்தில் எவ்வளவு போகிறது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் மாத வருமானம், வயது, உழைக்கும் திறனில் ஏற்பட்ட இழப்பு ஆகிய மூன்றையும் பார்க்கிறது. 34 வயதுத் தொழிலாளியின் மாத வருமானம் 12,000 ரூபாய் என்று ஏற்கப்பட்டால், ஆண்டுக்கு 1,44,000. அந்த வயதுக்கு உச்ச நீதிமன்றம் 2009இல் வகுத்த பெருக்கெண் 16. ஆக 23,04,000 ரூபாய். இழப்பு 40 சதவீதம் என்றால் கிடைப்பது 9,21,600. அதுவே 85 சதவீதம் என்றால் 19,58,400. எதிர்கால வருமான உயர்வு, மருத்துவச் செலவு, வலிக்கான தொகை எல்லாம் இதற்கு மேல் தனி. சண்டை முழுவதும் அந்தச் சதவீதத்தில்தான் இருக்கிறது.

டாக்டர் தரும் சான்றிதழில் உள்ள சதவீதமே இறுதி என்று நம்மவர்கள் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. டாக்டர் சொல்வது உறுப்பின் ஊனம். தீர்ப்பாயம் பார்க்க வேண்டியது பிழைப்பின் ஊனம். 2010 அக்டோபரில் நீதிபதி ஆர்.வி. ரவீந்திரன் அமர்வு இதைத் தெளிவாக்கியது. இடது கையை இழந்தவர் ஓட்டுநராகவோ தச்சராகவோ இருந்தால், உழைப்புத் திறன் ஏறக்குறைய முழுவதும் போய்விட்டது என்று கொள்ளலாம். அரசு அலுவலகக் குமாஸ்தாவுக்கு வேலையே போகாமல் இருக்கலாம். கை ஒன்றுதான், இழப்பு வேறு. நிலம் உள்ளவருக்குக் கால் போனாலும் நிலம் இருக்கும். நிலமற்ற நம் மக்களுக்கு உடம்பைத் தவிர வேறு நிலம் ஏது?

2014 ஜனவரியில் கர்நாடகக் காய்கறி வியாபாரி ஒருவரின் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. 24 வயதில் காலை இழந்தவர் அவர். வியாபாரம் என்பது ஓரிடத்தில் உட்கார்ந்து விற்பது மட்டுமல்ல, மொத்தச் சந்தைக்குப் போய்ச் சரக்கு எடுத்து வருவதும் அதில் அடக்கம் என்றது நீதிமன்றம். திறன் இழப்பை 85 சதவீதமாக ஏற்றது. தீர்ப்பாயம் 3,500 ரூபாய் என்று வைத்திருந்த மாத வருமானத்தை 6,500 ஆக உயர்த்தியது. சம்பளச் சீட்டு இல்லாதவருக்கு வருமானமே இல்லை என்ற வாதம் எடுபடவில்லை.

லாரி ஓட்டுநர் குற்றவியல் வழக்கில் விடுதலையாகிவிட்டால் நம் வழக்கும் முடிந்தது என்று சொல்வார்கள். 1980இல் தமிழ்நாட்டு பஸ் விபத்து வழக்கு ஒன்றில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் இதை நிராகரித்துவிட்டார். தண்டனைக்கு வேண்டிய சான்று வேறு, இழப்பீட்டுக்கு வேண்டிய சான்று வேறு.

சட்டம் இவ்வளவு தூரம் வந்திருக்க, 2019 திருத்தம் சில கதவுகளைச் சாத்தியிருக்கிறது. 2022 ஏப்ரல் 1 முதல், விபத்து நடந்த 6 மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்கிறது 166(3) பிரிவு. எலும்பு கூடுவதற்கே 6 மாதம் ஆகிறவர்களுக்கு இந்தக் கெடு! யார் தவறு என்று நிரூபிக்காமலே கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம், உயிரிழப்புக்கு 5 லட்சம் தரும் 164ஆம் பிரிவும் வந்தது. கையில் காசில்லாத வீட்டுக்கு 2.5 லட்சம் பெரிய தொகைதான். ஆனால் அதை முறைப்படி ஏற்றுக்கொண்டால், தீர்ப்பாயத்தில் உள்ள 166ஆம் பிரிவு மனு காலாவதியாகும். மேலே போட்ட கணக்கை இன்னொரு முறை பாருங்கள்.

வக்கீலுக்குப் பணம் இல்லை என்பது காரணமாக வேண்டாம். 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 12ஆம் பிரிவின்படி, பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள் ஆகியோருக்கு வருமான வரம்பே இல்லாமல் இலவச வக்கீல் உண்டு. மதுரை மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் மனுக் கொடுக்கலாம்.

கல்லூரியில் படிக்கும் தம்பி, தங்கைகளுக்கு ஒரு வேலை இருக்கிறது. ஊரில் விபத்து நடந்தால் முதல் தகவல் அறிக்கையின் நகலை வாங்குங்கள். லாரி எந்தப் பக்கம் திரும்பியது, அடிபட்டவர் எங்கே நின்றார் என்பது அதில் சரியாக இருக்கிறதா என்று படித்துக் காட்டுங்கள். அவர் தினமும் என்ன வேலை செய்தார், எத்தனை படி ஏறினார், எவ்வளவு சுமை தூக்கினார் என்று ஒரு தாளில் எழுதி வக்கீலிடம் கொடுங்கள். சதவீதத்தைக் கூட்டப்போவது அந்தத் தாள்தான்.