அஞ்சிய மூளையும் நல்ல தலைமையும்

காவல்துறை அதிகாரியின் சீருடையில் ஒருவர் காணொளி அழைப்பில் தோன்றுகிறார். உங்கள் பெயருக்கு வந்த பொட்டலத்தில் போதைப்பொருள் இருந்தது என்கிறார். உங்கள் ஆதார் எண்ணைக் கொண்டு தொடங்கப்பட்ட கணக்கில் கறுப்புப் பணம் புழங்கியது என்கிறார். அழைப்பைத் துண்டிக்கக் கூடாது, வீட்டாரிடம் சொல்லக் கூடாது, கணக்கிலுள்ள தொகையைச் ‘சரிபார்ப்புக்காக’ உடனே அனுப்ப வேண்டும் என்று அச்சுறுத்துகிறார். ‘டிஜிட்டல் கைது’ எனப்படும் இம்மோசடியில் சிக்கியவர்களுள் ஓய்வுபெற்ற உயர் அதிகாரிகளும் மருத்துவர்களும் பேராசிரியர்களும் உண்டு. இப்படியொரு கைது நம் நாட்டுச் சட்டத்தில் இல்லவே இல்லை என்று 2024 அக்டோபரில் பிரதமரே தம் வானொலி உரையில் எச்சரித்தார். எனினும் ஒவ்வொரு செய்தியைப் படிக்கும்போதும் நாம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இவ்வளவு படித்தவர் எப்படி ஏமாந்தார்?

பாலக்காட்டில் கல்பாத்தி அக்ரகாரத் தெருக்களை அடுத்துப் பணிபுரியும் எங்களுக்கு இக்கேள்வி வெறும் செய்தித்தாள் கேள்வி அன்று. பிள்ளைகள் சென்னையிலும் மும்பையிலும் கடல் கடந்த நாடுகளிலும் இருக்க, ஓய்வூதியத்தைக் கொண்டு தனித்து வாழும் மூத்தோர் இங்கு மிகுதி. இக்கேள்விக்கு மூளை அறிவியல் தரும் விடையைத் தேடிச் சென்றபோது, அதே விடை பணியிடத் தலைமைக்கும் பொருந்துவதைக் கண்டோம். நாலு பேரை வைத்துக் கடை நடத்துபவருக்கும், நாற்பது பேரை வைத்துத் தொழிற்கூடம் நடத்துபவருக்கும், கிளை மேலாளருக்கும் அது பயன்படும்.

அச்சம் வந்தால் மூளையில் நிகழ்வது

நெற்றிக்குப் பின்னால் இருப்பது முன்மூளைப் புறணி. நிதானமாக ஆராய்வது, பல செய்திகளை ஒருங்கே மனத்தில் வைத்து எடைபோடுவது, ‘பொறு, இதில் ஏதோ சரியில்லை’ என்று தடுத்து நிறுத்துவது ஆகிய பணிகளில் இதன் பங்கு பெரிது. மூளையின் உட்பகுதியில் பாதாம் பருப்பின் வடிவில் இருக்கும் அமிக்டலா, ஆபத்தை உணர்ந்து உடலை உசுப்புவதில் முன்நிற்கிறது.

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஏமி ஆர்ன்ஸ்டன் பல ஆண்டுகளாக இவ்விரு பகுதிகளையும் ஆராய்ந்துவருபவர். கட்டுப்படுத்த முடியாத நெருக்கடி நேர்ந்தால் நார்அட்ரினலின், டோபமின் போன்ற வேதிப்பொருள்கள் மூளையில் மிகையாகச் சுரக்கின்றன. அதனால் முன்மூளைப் புறணியின் நரம்பு இணைப்புகள் தற்காலிகமாகத் தளர்கின்றன. அமிக்டலாவின் கை ஓங்குகிறது. காட்டில் புலியைக் கண்டவனுக்கு இந்த ஏற்பாடு உயிர் காக்கும். நின்று யோசிப்பவனைவிட ஓடுபவனே பிழைப்பான். ஆனால் கணக்குப் பார்க்கவும் ஆவணத்தைச் சரிபார்க்கவும் வேண்டிய இடத்தில் இதே ஏற்பாடு நம்மைக் கவிழ்த்துவிடும்.

மோசடிக்காரன் இதை எந்த நூலிலும் படித்திருக்க மாட்டான். ஆயினும் அனுபவத்தில் அறிந்திருக்கிறான். அச்சுறுத்தல், அவசரம், தனிமைப்படுத்தல் ஆகிய மூன்றையும் ஒருசேரக் கையாண்டால் எதிரில் இருப்பவரின் படிப்பும் அனுபவமும் அந்தச் சில மணி நேரத்துக்குப் பயனற்றுப்போகும் என்பது அவனுக்குத் தெரியும்.

இனி நம் பணியிடங்களை எண்ணிப் பார்ப்போம். ‘இன்று மாலைக்குள் முடியாவிட்டால் என்ன ஆகும் தெரியுமா?’ என்பது அச்சுறுத்தல். ‘காரணம் கேட்காதே, உடனே செய்’ என்பது அவசரம். எல்லோர் முன்னிலையிலும் ஒருவரை மட்டும் நிறுத்திவைத்துக் கடிவது தனிமைப்படுத்தல். நோக்கம் வேறு என்பதில் ஐயமில்லை. மேலாளர் எவரும் மோசடிக்காரர் அல்லர். ஆனால் கேட்பவரின் மூளை நோக்கத்தைப் பார்ப்பதில்லை. அது ஆபத்தை மட்டுமே பார்க்கிறது.

கவுண்டரில் அமர்ந்திருப்பவர்

இதில் வாடிக்கையாளருக்கு என்ன நட்டம் என்று கேட்கலாம். ஒரு காட்சியை எண்ணிப் பாருங்கள். எழுபது வயதைக் கடந்த ஒருவர் வங்கிக்கு வருகிறார். வைப்புத்தொகை முழுவதையும் முதிர்வுக்கு முன்பே முறித்து, இதுவரை தொடர்பே இல்லாத ஒரு கணக்குக்கு அனுப்பச் சொல்கிறார். முகம் வெளிறியிருக்கிறது, கைபேசியை அடிக்கடி பார்க்கிறார். கவுண்டரில் இருக்கும் இளம் ஊழியருக்கு ஐயம் எழுகிறது. நிறுத்திக் கேட்கலாமா?

கேட்டால் வாடிக்கையாளர் சினந்து புகார் செய்யலாம். வரிசையில் நிற்போர் முணுமுணுக்கலாம். கேட்டது தவறாகிப்போனால் மேலதிகாரி என்ன சொல்வார் என்பதே அந்த ஊழியரின் மனத்தில் பெரிதாக எழும் எண்ணம். ‘கேட்டது சரி, எதுவானாலும் நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று சொல்லக்கூடிய மேலாளர் அங்கு இருந்தால் அவர் கேட்பார்; ஒரு குடும்பத்தின் வாழ்நாள் சேமிப்பு தப்பும். ‘உனக்கேன் வேண்டாத வேலை?’ என்று கடிந்துகொள்ளும் மேலாளர் இருந்தால் அவர் மௌனமாக முத்திரை குத்தி அனுப்பிவிடுவார். அஞ்சிய ஊழியரால் அஞ்சிய வாடிக்கையாளரைக் காப்பாற்ற இயலாது. தலைமையின் குணம் வாடிக்கையாளரின் பணத்தைத் தொடுவது இந்த இடத்தில்தான்.

வங்கிக்கு மட்டும் உரியது அன்று இது. மருந்துக்கடையில் மருத்துவர் எழுதிய அளவு மிகையாகத் தோன்றும்போது கேட்கத் தயங்கும் பணியாளரும், அரிசி ஆலையில் இயந்திரத்தின் ஒலி மாறியதைக் கேட்டும் சொல்லத் தயங்கும் தொழிலாளியும் இதே நிலையில் இருப்பவர்களே.

அச்சம் இல்லாமல் வேலை நடக்குமா?

‘சற்றே பயம் இருந்தால்தான் வேலை நடக்கும்’ என்பது நம் ஊர்களில் வேரூன்றிய கருத்து. இதில் ஓரளவு உண்மையும் உண்டு. 1908ஆம் ஆண்டிலேயே யெர்க்ஸ், டாட்சன் என்ற இரு அமெரிக்க அறிஞர்கள் எலிகளை வைத்து இதை ஆராய்ந்தனர். கடினமான பணியைக் கற்கையில் தூண்டுதல் மிகக் குறைந்தாலும் கற்றல் மந்தமாகிறது; மிகக் கூடினாலும் மந்தமாகிறது; நடுத்தர அளவிலேயே சிறக்கிறது என்று கண்டனர். ஆகவே நெருக்கடியே இல்லாத அலுவலகம் நல்ல அலுவலகம் என்று சொல்ல நாங்கள் வரவில்லை. எத்தகைய நெருக்கடி என்பதே கேள்வி. இலக்கு தெளிவாகவும், அதை அடையும் வழி தன் கையிலும் இருக்கும்போது வரும் அழுத்தம் மனிதனைக் கூர்மையாக்குகிறது. எப்போது யார் மீது பாயும் என்று தெரியாத அழுத்தம் மழுங்கச் செய்கிறது.

முதல் வகைக்கு எங்கள் மாவட்டத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. பாலக்காடு மாவட்டம் கருகபுத்தூரில் 1932இல் பிறந்தவர் பொறியாளர் இ. ஸ்ரீதரன். 1964 டிசம்பர் புயலில் பாம்பன் ரயில் பாலம் சிதைந்தபோது அதைச் செப்பனிட ரயில்வே 6 மாதம் குறித்தது. மேலதிகாரி அதை 3 மாதமாகக் குறைத்தார். ஸ்ரீதரனின் குழு 46 நாட்களில் பணியை முடித்தது. பின்னாளில் கொங்கண் ரயில் பாதையையும் தில்லி மெட்ரோவையும் அவர் தலைமையேற்று உருவாக்கினார். மெட்ரோ அலுவலகங்களில், பணி முடிய இன்னும் எத்தனை நாட்கள் உள்ளன என்று காட்டும் பலகைகளை அவர் வைத்திருந்தது பலரும் அறிந்த செய்தி. அந்தப் பலகை எல்லோருக்கும் பொதுவானது; தலைவரும் கடைநிலை ஊழியரும் ஒரே எண்ணைத்தான் பார்த்தனர். நெருக்கடி இருந்தது, ஆனால் அதில் புதிர் இல்லை.

பழியை ஏற்கும் தோள்

2009 ஜூலை 12 அன்று தெற்குத் தில்லியின் ஜம்ரூத்பூரில் கட்டுமானத்திலிருந்த மெட்ரோ மேம்பாலத்தின் ஒரு பகுதி இடிந்து விழுந்து உயிர்கள் பலியாயின. அன்றே ஸ்ரீதரன் தார்மிகப் பொறுப்பேற்றுப் பதவி விலகல் கடிதம் கொடுத்தார். அரசு அதை ஏற்கவில்லை. வற்புறுத்தலுக்குப் பிறகு அவர் பணியைத் தொடர்ந்தார்.

இதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன், 1979 ஆகஸ்டு 10 அன்று, ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட எஸ்எல்வி-3 ஏவூர்தி கடலில் விழுந்தது. திட்டத்தின் இயக்குநர் அப்துல் கலாம். செய்தியாளர்களைச் சந்தித்துத் தோல்விக்குப் பொறுப்பேற்றவரோ விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் தலைவர் சதீஷ் தவான். 1980 ஜூலை 18 அன்று ஏவூர்தி வெற்றி பெற்றபோது, செய்தியாளரிடம் நீங்களே பேசுங்கள் என்று கலாமை அவர் முன்னிறுத்தினார். கலாம் தம் வாழ்நாள் முழுதும் இதைச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார்.

இவற்றைப் பெருந்தன்மை என்று போற்றுவதோடு நாம் நின்றுவிடுகிறோம். இதில் பணித்திறன் சார்ந்த பயனும் உண்டு. பழி தன் தலையில் விழாது என்று அறிந்த பொறியாளரே, தோல்விக்குக் காரணமான சிறு பிழையை ஒளிக்காமல் தேடுவார். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஏமி எட்மண்ட்சன் 1990களில் மருத்துவமனைகளில் மருந்து வழங்குவதில் நேரும் பிழைகளை ஆராய்ந்தார். சிறந்த குழுக்களில் பிழை குறைந்திருக்கும் என்று அவர் எதிர்பார்த்தார். பதிவேடுகள் நேர்மாறாகக் காட்டின. ஆழ்ந்து பார்த்தபோது காரணம் விளங்கியது: நல்ல குழுக்களில் பிழையை அஞ்சாமல் சொன்னார்கள், மற்ற குழுக்களில் மறைத்தார்கள். பிழையே வராத பதிவேட்டைக் கண்டு மகிழும் முதலாளிகள் இதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

அறிவியலின் பெயரால் விற்கப்படுபவை

மூளை அறிவியலின் பெயரால் இன்று பலவும் விற்பனையாகின்றன. மனிதன் மூளையில் 10 விழுக்காட்டைத்தான் பயன்படுத்துகிறான் என்பதும், சிலர் இடது மூளைக்காரர், சிலர் வலது மூளைக்காரர் என்பதும் ஆதாரமற்ற கட்டுக்கதைகள். இவற்றை நம்பி ஊழியர்களை வகைபிரிப்பதும் பயிற்சி வகுப்புகளுக்குப் பணம் கட்டுவதும் வீண். உண்மையான ஆய்வுகளையும் அளவோடுதான் கொள்ள வேண்டும். ஒரு பந்து விளையாட்டிலிருந்து ஒதுக்கப்பட்டவர்களின் மூளையில், உடல் வலியின்போது இயங்கும் பகுதி ஒன்று இயங்கியதாக 2003இல் ஓர் ஆய்வு காட்டியது. இதிலிருந்து அவமதிப்பும் அடியும் ஒன்றே என்று முடிவு கட்டிவிட முடியாது. ஆனால் ஒதுக்கப்படுவதை மூளை அற்பமாகக் கொள்வதில்லை என்று அறிந்துகொள்ளலாம். ஒரு மேலாளருக்கு அது போதும்.

முட்டுக்கட்டையின் பெருமை

ஐப்பசித் திங்களின் இறுதியில் கல்பாத்தி விசுவநாத சுவாமி கோயில் தேர்த்திருவிழா நடைபெறும். ஆயிரக்கணக்கானோர் வடம் பிடிக்க, பின்னின்று யானை முட்டித் தள்ளத் தேர் நகரும். ஆனால் தேரின் சக்கரத்தருகே குனிந்து, வேளையறிந்து கட்டையைச் செருகுபவர் இல்லாவிட்டால் தேர் திரும்பாது, நிற்காது. வீட்டுத் திண்ணையில் போய் ஏறும். பேச்சு வழக்கில் ‘முட்டுக்கட்டை போடுகிறான்’ என்பது வசைச்சொல். தேர்த் தெருவில் அதுவே பாதுகாப்பு. ‘ஐயா, இதை ஒருமுறை சரிபார்த்துவிடலாமா?’ என்று கேட்கும் ஊழியர் அத்தகைய கட்டைக்காரர். வங்கியில் ஒருவர் பதிய மற்றொருவர் சரிபார்க்கும் முறை நெடுங்காலமாக இருப்பதும், எவருடைய மூளையும் தவறக்கூடும் என்பதை முன்னோர் உணர்ந்ததால்தான். அம்முறை உயிரோடு இருப்பது, இரண்டாமவர் முதலாமவரிடம் ‘இல்லை’ என்று சொல்ல முடிகிற இடத்தில் மட்டுமே.

இதற்குப் பெரும் செலவு ஏதும் தேவையில்லை. கெட்ட செய்தியைக் கொண்டுவந்தவரிடம் முதலில் ‘சொன்னது நல்லது’ என்று சொல்லி, பிறகு விவரம் கேட்கலாம். அந்த முதற்சொல்லைத்தான் மற்ற ஊழியர்கள் நினைவில் வைப்பார்கள். பாராட்டை எல்லோர் முன்னிலையிலும், கண்டிப்பைத் தனியறையிலும் வைத்துக்கொள்ளலாம். மனம் ஒரே நேரத்தில் ஏறக்குறைய நான்கு செய்திகளையே ஏந்தும் என்று ஆய்வுகள் சொல்வதால், ஒரே மூச்சில் பத்துக் கட்டளைகளை அடுக்காமல் எது முதல், எது பிறகு என்று வரிசைப்படுத்தலாம். சினம் எழும்போது ‘எனக்கு இப்போது சினம் வந்திருக்கிறது’ என்று மனத்துக்குள் பெயரிட்டுச் சொல்லிப் பார்க்கலாம்; உணர்ச்சிக்குப் பெயரிடும்போது அமிக்டலாவின் கொந்தளிப்பு தணிவதை 2007இல் கலிபோர்னியா ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர்.

வாடிக்கையாளர்களிடமும் எங்களுக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. பெருந்தொகை அனுப்பும்போது எங்கள் ஊழியர் ‘யாருக்கு, எதற்கு?’ என்று கேட்டால் சினம் கொள்ளாதீர்கள். அவர் கேட்கத் துணிந்ததற்காக ஒரு நல்ல சொல் சொல்லுங்கள். மிரட்டும் அழைப்பு வந்தால் துண்டித்துவிட்டு ஒருவரிடமாவது பேசுங்கள். பணம் போய்விட்டிருந்தால் தாமதியாமல் 1930 என்ற எண்ணை அழையுங்கள். உங்கள் கடையிலோ பட்டறையிலோ உங்களிடம் பணிபுரிபவர் கடைசியாக எப்போது உங்களிடம் ஒரு கெட்ட செய்தியைத் தாமாக வந்து சொன்னார் என்று இன்றிரவு எண்ணிப் பாருங்கள். நினைவுக்கு வரவில்லை என்றால், கெட்ட செய்தி இல்லை என்று அதற்குப் பொருள் கொள்ள வேண்டாம்.