வலமிருந்து இடமாக ஒரு கதை

 

அண்மையில் நான் படித்த கதை நூல்களைப் பற்றி இம்மாதம் எழுத விரும்புகிறேன். மதரஸாவில் ஓதிக் கொடுப்பவருக்கு நாவலும் படக்கதையும் எதற்கு என்று கேட்போர் உண்டு. திருமறை யூசுப் நபி (அலை) அவர்களின் வாழ்வை எடுத்துரைக்கும்போது, அதனை மிக அழகிய வரலாறு என்றே அறிமுகம் செய்கிறது. அது நடந்த உண்மை; நாவலோ கற்பனை. இரண்டையும் ஒன்றாக்க நான் முனையவில்லை. ஆயினும் மனித மனத்தோடு பேசுவதற்குக் கதை தகுந்த வழி என்பதை மறுக்க இயலாதன்றோ? ஆகவே, படிக்கலாமா என்பதைவிட, எதைப் படிக்கலாம் என்ற வினாவே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

முதலில் ஜப்பானியப் படக்கதை. அதற்கு ‘மாங்கா’ என்று பெயர். (நம் வீட்டு ஊறுகாய்க்கும் அதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை.) ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரையுள்ள எங்கள் வட்டாரத்திற்கு ஜப்பான் அந்நிய நாடன்று. ஒரகடத்தில் கொமாட்சு இருக்கிறது. வல்லம் வடகாலில் யமஹா இருக்கிறது. வேலை உயர்வை எண்ணி ஜப்பானிய மொழி பயிலும் இளைஞர்களும் இருக்கிறார்கள். ஷிப்டு முடிந்து அறைக்குத் திரும்பும் பிள்ளைகள் பலர் கைபேசியில் மாங்கா படிக்கிறார்கள். அவர்களுள் ஒருவர் கொடுத்துத்தான் ‘சதோகோவும் நதாவும்’ என்ற நூலை ஆங்கிலத்தில் படித்தேன். நான்கு பாகங்கள். எழுதி வரைந்தவர் யுபெசிகா என்ற புனைபெயருடையவர்.

நம் தமிழ் நூலைத் திறப்பதுபோல் அதைத் திறந்தால் கடைசிப் பக்கம்தான் வரும். ஆங்கிலப் பதிப்பிலும் வலமிருந்து இடமாகவே படிக்க வேண்டும். ஆங்கிலம் நன்கு அறிந்தவர்கள் தடுமாறும் இவ்விடத்தில், மக்தபில் ஓதும் நம் பிள்ளைகளுக்குச் சிரமமே இல்லை! நம் பாட்டிமார்கள் மாலைகளையும் மார்க்க நூல்களையும் அரபுத்தமிழில் இவ்வாறுதானே வலமிருந்து ஓதினார்கள்?

கதை எளியது. அமெரிக்காவில் படிக்க வந்த ஜப்பானியப் பெண் சதோகோ. அவளோடு ஒரே வீட்டில் தங்குபவள் சவூதி அரேபியாவைச் சேர்ந்த நதா. கறுப்பு உடையில் முகம் மறைத்து நிற்பவளைக் கண்டு சதோகோ முதலில் மிரளுகிறாள். பிறகு சமையல், தொழுகை, நோன்பு, படிப்பு, திருமண எண்ணங்கள் என நாள்தோறும் நிகழும் சிறு செய்திகள் நான்கு நான்கு சட்டங்களில் நகர்கின்றன. நதாவை இரக்கத்திற்குரியவளாகவும் வரையவில்லை. உபதேசம் செய்பவளாகவும் வரையவில்லை. கேலி பேசத் தெரிந்த, பிடிவாதமும் பாசமும் உள்ள ஒரு பெண்ணாகவே அவள் வருகிறாள். ஒரு ஜப்பானியர் நம் பெண்ணை இவ்வளவு இயல்பாக வரைய முடிந்திருக்கிறதே என்று வியந்தேன். குறை ஒன்றுண்டு. கசப்பான விஷயங்கள் தலைகாட்டும்போது கதை விரைந்து ஒரு நகைச்சுவைக்குத் தாவிவிடுகிறது. எனினும், பருவம் எய்திய பெண்மக்கள் உள்ள எந்த இல்லத்திலும் தயக்கமின்றி வைக்கத்தக்க நூல் இது.

இதைக் கொண்டு எல்லா மாங்காவும் நல்லவை என்று எண்ணிவிட வேண்டாம். இரத்தமும் ஆபாசமும் மலிந்தவை ஏராளம். ஜப்பானியர்களே வயது பார்த்துப் பிரித்துத்தான் வெளியிடுகிறார்கள். சிறுவர்களுக்கு உரியது ‘ஷோனென்’. வளர்ந்த ஆண்களுக்கு உரியது ‘செய்னென்’. இவ்விரு சொற்களையாவது பெற்றோர்கள் தெரிந்து வைத்துக்கொள்வது நலம்.

ஆலை ஒன்றில் பணிபுரியும் தந்தை ஒருவர் அஸருக்குப் பின் வந்து, “ஹஜ்ரத், பையன் எந்நேரமும் ஜப்பான் படக்கதையிலேயே கிடக்கிறான். ஹராம்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டா விட்டுடுவான்” என்றார். நான் சொல்லவில்லை. உருவம் வரைதல் பற்றிய சட்டங்களில் மார்க்க அறிஞர்களிடையே விரிவான கருத்துகள் உள்ளன. அதற்குத் தீர்ப்புக் கூறும் இடத்தில் நான் இல்லை. ஆனால் ஹராம் என்ற சொல், பிள்ளையை வழிக்குக் கொண்டுவரப் பெற்றோர் கடன் வாங்கிச் செல்லும் பிரம்பு அன்று. “அவன் என்ன படிக்கிறான் என்று ஒரு நாளாவது உடன் அமர்ந்து பார்த்தீர்களா, பாய்?” என்று கேட்டேன். இரவு ஷிப்டு பார்ப்பவர். பிள்ளையின் முகத்தைப் பார்ப்பதே அரிது என்றார். அதற்கு என்னிடம் உடனடி மறுமொழி இல்லை. வாரத்தில் ஒரு விடுமுறை நாளில் இருவருமாகச் சேர்ந்து படிக்கச் சொல்லி ‘வெறுங்கால் ஜென்’ என்ற மாங்காவைச் சுட்டினேன்.

அதை வரைந்த கெய்ஜி நகசாவா, 1945 ஆகஸ்டு 6 அன்று ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்தபோது ஆறு வயதுச் சிறுவர். தந்தையையும் அக்காளையும் தம்பியையும் அன்றே இழந்தார். அந்த அனுபவத்தைக் கதையாக்கி 1973இல் சிறுவர் வார இதழில் தொடங்கினார். சில பக்கங்களில் எனக்கே கண் நிலைக்கவில்லை. மட்சுயே நகரக் கல்வி நிர்வாகம் 2012இல் பள்ளி நூலகங்களில் இதை மாணவர்கள் தாமே எடுத்துப் படிக்க இயலாதபடி செய்தது; எதிர்ப்பு எழவே மறு ஆண்டு அக்கட்டுப்பாடு நீங்கிற்று. 2023இல் ஹிரோஷிமா நகரமே தன் அமைதிக் கல்விப் பாடத்திலிருந்து இதனை எடுத்துவிட்டது. பிள்ளைகளிடம் எதைக் காட்டலாம் என்ற தவிப்பு நமக்கு மட்டும் உரியதன்று பார்த்தீர்களா? பத்து வயதுக் குழந்தையிடம் இதைத் தனியே கொடுக்க மாட்டேன். பதினான்கு வயதுப் பிள்ளையோடு அமர்ந்து படிப்பேன்.

ஜோ சாக்கோ என்ற பத்திரிகையாளரின் ‘பாலஸ்தீன்’ இதே வகையில் வைக்கத்தக்கது. 1991, 92ஆம் ஆண்டுகளின் குளிர்காலத்தில் மேற்குக் கரையிலும் காஸாவிலும் சுற்றி, கண்டதைப் படக்கதையாக்கினார். ஜபாலியா, நுஸைராத் என்று இன்று செய்திகளில் நாம் துஆவோடு கேட்கும் பெயர்கள், அங்கே சேறும் தகரக் கூரையும் தேநீருமாய் வருகின்றன. பின்னாளில் இதற்கு முன்னுரை எழுதிய எட்வர்டு சயீத், தம் சிறுவயதில் படக்கதைகளுக்கு இருந்த எதிர்ப்பை நினைவுகூர்கிறார். தமிழில் 1972 முதல் சிவகாசியிலிருந்து வரும் முத்து காமிக்ஸைத் தலையணைக்கடியில் மறைத்துப் படித்த என் தலைமுறைக்கு அந்தப் பகுதி நன்றாகவே புரியும். (இரும்புக்கை மாயாவியை அண்மையில் மறுபடியும் படித்தேன். அவ்வயதில் இருந்த சுவை இப்போது இல்லை.)

நாவல்களுக்கு வருவோம். தோப்பில் முஹம்மது மீரான் அவர்களின் ‘ஒரு கடலோரக் கிராமத்தின் கதை’ 1988இல் நூலாக வந்தது. ஊரில் ஆங்கிலப் பள்ளி வருவதை மார்க்கத்தின் பெயரால் எதிர்க்கும் முதலாளி, புனிதம் பேசிச் சுரண்டும் ஒரு தங்கள், இவர்களை எதிர்த்து நிற்கும் எளிய மனிதர் மஹ்மூது. சமுதாயத்தின் அழுக்கை வெளியே காட்டிவிட்டார் என்று அக்காலத்தில் குறைபட்டவர்கள் உண்டு. நான் அவ்வாறு கருதவில்லை. அறியாமையைத் தீன் என்று விற்றவர்களையே அந்நூல் சாடுகிறது, தீனை அன்று. அவருக்குச் சாகித்திய அகாதெமி விருது பெற்றுத் தந்த ‘சாய்வு நாற்காலி’யை விடவும் இதுவே எனக்கு நெருக்கமானது.

சல்மா அவர்களின் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ பற்றி அவ்வளவு எளிதில் எழுதிவிட இயலவில்லை. 2004இல் வெளிவந்த அந்நூலை இப்போதுதான் முழுமையாகப் படித்தேன். துவரங்குறிச்சியில் பருவம் எய்தியதும் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டு, வீட்டினுள் இருந்தே படித்து, மறைவாக எழுதி, பின்னர் பேரூராட்சித் தலைவராகி, 2025இல் மாநிலங்களவைக்கும் சென்றவர் அவர். நாவல் முழுதும் வாசற்படிக்கு உள்ளேயே நிகழ்கிறது. சிறுமி ராபியாவின் கண்வழியே நாம் காணும் பெண்களின் பேச்சும் பொறாமையும் நோயும் ஏக்கமும் பொய்யல்ல. சில பகுதிகள் கூடத்தில் அமர்ந்து உரக்க வாசிக்கத் தக்கவையல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். நம் ஆண்மக்களில் நல்லவர் ஒருவரேனும் இன்னும் தெளிவாகத் தென்பட்டிருக்கலாம் என்ற மனக்குறையும் எனக்கு உண்டு.

ஆயினும் ஒன்றை எண்ணிப் பார்க்கிறேன். சுங்குவார்சத்திரம் பக்கம் கைபேசி தயாரிக்கும் ஆலைகளில் பெரும்பாலும் பெண்களே வேலை செய்கிறார்கள். அவர்களை ஏற்றிச் செல்லும் பேருந்துகளில் நம் வீட்டுப் பெண்களும் இருக்கிறார்கள். எட்டு மணி நேரம் நின்று உழைத்து ஊருக்குப் பணம் அனுப்பும் மகளிடம், நீ இன்ன நாவலைப் படிக்கலாகாது என்று எந்த முகத்தோடு சொல்வது? அவள் சம்பாத்தியத்தை ஏற்றுக்கொள்ளும் நாம், அவள் வாசிப்பை மட்டும் ஐயுறலாமா?

என் இல்லத்தாரும் இந்நாவலைப் படித்தார்கள். என் மனக்குறையைச் சொன்னபோது அவர்கள் ஏற்கவில்லை. “நல்லவங்க இல்லைன்னு அந்தப் பிள்ளை எழுதலைங்க. நல்லவங்க கூட வாயைத் திறக்கலைன்னுதான் எழுதியிருக்கு. இதைப் பொம்பளைப் பிள்ளைங்க படிக்கலாமான்னு கேட்கிறதை விட்டுட்டு, முதல்ல அத்தாமார்கள் கையில கொடுங்க” என்றார்கள். அதன்படி, மகள்களைப் பெற்ற நண்பர்கள் இருவருக்கு அந்நூலைக் கொடுத்திருக்கிறேன். ஒருவர் பாதி படித்துவிட்டாராம். மற்றவர் இன்னும் அட்டையைத் திறக்கவில்லை.