கிறிஸ்தவ நோக்கிற் சித்திரக் கல்வி: ஒரு மறுப்பு

அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே, பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பாது வீட்டிலேயே கற்பிக்கும் முறை 1970களிலிருந்து வளர்ந்து, 1993 அளவில் ஐம்பது மாநிலங்களிலும் சட்ட அங்கீகாரம் பெற்றது. இவ்வியக்கத்திற் பெரும்பங்கு வகித்தோர் சுவிசேஷக் கிறிஸ்தவப் பெற்றோர். அவர்களுள் ஒரு சாரார் சித்திரம் கற்பிக்கும் முறையே ஈண்டு எமது கண்டனத்துக்குரியது. படத்தைப் பிள்ளையின் முன் வைக்குமுன்பே, ஓவியனின் உலகநோக்கு யாது, அது வேதத்துக்கு இசைவானதா என்ற வினாவை இவர்கள் வைத்துவிடுகின்றனர். இசைந்தால் படம் நன்று, இசையாவிடின் எச்சரிக்கைக்குரியது. கோடும் வர்ணமும் ஒளியும் விசாரணைக்கே வருவதில்லை. (உருவமா உள்ளடக்கமா என்ற பழைய வழக்கு எமது வாசகர்க்கும் புதிதன்று.)

இது கிறிஸ்தவ நோக்கே அன்று என்பது எமது வாதம். இதனை நிறுவுதற்குச் சமயத்துக்குப் புறம்பே செல்லவேண்டியதில்லை. யாத்திராகமம் 31ஆம் அதிகாரத்திலே தேவ ஆவியினால் நிரப்பப்பட்டவனாகக் கூறப்படும் பெசலெயேல் தீர்க்கதரிசி அல்லன். பொன்னிலும் வெள்ளியிலும் கல்லிலும் மரத்திலும் வேலைசெய்த கைவினைஞன். அதே நூலின் 28ஆம் அதிகாரம், ஆசாரியனது அங்கியின் கீழோரத்தில் நீலம், ஊதா, சிவப்பு நூல்களால் மாதுளம்பழங்களைச் செய்யுமாறு பணிக்கின்றது. நீல மாதுளம்பழத்தை எந்தத் தோட்டத்திற் கண்டோம்? 1973இல் வெளிவந்த ‘கலையும் வேதாகமமும்’ என்ற சிறுநூலிலே பிரான்சிஸ் ஷேபர் இதனைச் சுட்டிக் கலைஞனின் சுதந்திரத்துக்காக வாதாடினார். உலகநோக்கு என்ற சொல்லைத் தூக்கிப்பிடிப்போர் பலர் அவரையே ஆசானாகக் கொள்பவர். ஆயின் அவர் வகுத்த நான்கு அளவுகோல்களுள் உலகநோக்கு ஒன்று மாத்திரமே என்பதையும், தொழிற்றிறனையே அவர் முதலில் வைத்தார் என்பதையும் இவர்கள் வசதியாக மறந்துவிட்டனர்.

தீங்கிலிருந்து பிள்ளையைக் காப்பது பெற்றோர் கடமையன்றோ என்பர். கடமைதான். ஆயின் எதிலிருந்து? கரவாஜியோ வரைந்த ‘கன்னி மரியாளின் மரணம்’ ரோமாபுரித் தேவாலயம் ஒன்றிற்கெனச் செய்விக்கப்பட்டது. வீங்கிய உடலும் வெறும் பாதங்களுமாகக் கிடந்த அந்த மரியாளைத் துறவியர் ஏற்க மறுத்தனர். ரூபன்ஸ் பரிந்துரைக்க, மாந்துவாக் கோமகன் 1607இல் அதனை வாங்கினான். இன்று அது பாரிஸ் லூவர் அரும்பொருட்காட்சியகத்திலே உள்ளது. மரணத்தின் மெய்ம்மையை அப்படத்தினும் பக்தியோடு நோக்கியவை மிகச் சிலவே. அன்று அதனை விலக்கியவர் நாத்திகர் அல்லர். மைக்கலாஞ்சலோவின் ‘இறுதித் தீர்ப்பு’ உருவங்களுக்கு 1565இல் ஆடை தீட்டுவித்ததும், 2023இல் புளோரிடாவின் ஒரு பாடசாலையிலே தாவீதின் சிலையைக் காட்டிய பாடம் பற்றிப் பெற்றோர் முறையிட, அதிபர் பதவி விலக நேர்ந்ததும் இதே அச்சத்தின் விளைவுகளே.

பாடசாலையிலாவது ஓர் ஆசிரியர் மறைத்ததை இன்னொருவர் காட்டக்கூடும். அருகிலிருக்கும் மாணவன் மாறாக ஒன்று சொல்லக்கூடும். வீட்டிலோ படத்தைக் கொடுப்பவரும் தீர்ப்பை வழங்குபவரும் ஒருவரே. பிள்ளைக்கு இரண்டாவது கண் இல்லை. ஆகவே வீட்டாசிரியருக்கு நாவடக்கம் இருமடங்கு வேண்டும்.

இதற்கான வழி அவர்கள் கையிலேயே உள்ளது. வீட்டுக் கல்வியாளர் பலர் போற்றும் ஆங்கிலக் கல்வியாளர் ஷார்லட் மேசன் (1842–1923) உறுதியான கிறிஸ்தவர். ஒரு தவணைக்கு ஓர் ஓவியனின் ஆறு படங்கள் என்பது அவரது பாடத்திட்டம். பிள்ளை படத்தை நன்கு பார்க்கவேண்டும். பின் அதனைக் கவிழ்த்துவைத்து, கண்டதைத் தன் சொல்லிற் கூறவேண்டும். ஆசிரியர் பேசுவது சொற்பம். மணியடித்ததும் பாடம் மாறும் வகுப்பறையிலும் வீடு இதற்கு ஏற்ற இடம் என்பதை நாம் தயக்கமின்றி ஒப்புக்கொள்வோம்.

ஜோர்ஜ் ருவோ கத்தோலிக்கர். கிறிஸ்துவின் முகத்தை வரைந்த அதே தடித்த கருங்கோட்டினாலேயே விலைமகளிரையும் கோமாளிகளையும் நீதிபதிகளையும் வரைந்தவர். 1948இல் வெளிவந்த அவரது ‘மிசெரேரே’ தொகுதியில் 58 அச்சோவியங்கள் உள்ளன. அவற்றுள் ஒன்றை எவ்வித விளக்கமுமின்றி ஒரு கிழமை சுவரிலே தொங்கவிடட்டும். பிள்ளை சொல்வதை முதலிற் கேட்கட்டும்.