தேசிமரமும் ஒரு போத்தல் ‘மருந்தும்’

சென்ற ஒக்டோபரில், மழை ஓய்ந்த ஒரு காலைப்பொழுதில், அயலிலுள்ள லயத்திலிருந்து ஓர் இளைஞர் என் வீட்டுக்கு வந்தார். தோட்டத்தில் மருந்தடிக்கும் வேலை பார்ப்பவர். ஹாலிஎலையில் என் வீட்டுப் பின்புறம் நிற்கும் தேசிமரத்தின் தளிர்கள் சுருண்டிருந்ததை அவர் கவனித்திருக்கிறார்.

“ஐயா, மரத்துல பூச்சி புடிச்சிருச்சுங்க. கொஞ்சம் மருந்து வச்சிருக்கேன், அடிச்சு விடவா?”

அவர் கையில் இருந்தது ஒரு சோடாப் போத்தல். உள்ளே பழுப்பு நிறத் திரவம். வெளியே பெயரும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை. மறுகையைப் பிடித்தபடி அவருடைய நான்கு வயது மகள் நின்றிருந்தாள். அவர் நல்லெண்ணத்தோடுதான் வந்தார். எனக்கோ அந்தப் போத்தலிலிருந்து பார்வையை எடுக்க முடியவில்லை.

நஞ்சை ‘மருந்து’ என்று அழைக்கப் பழகியவர்கள் நாம். அதே மருந்தை அருந்தி மாண்டவர்களைப் பற்றிய செய்திகளை என் பத்திரிகை வாழ்வில் எத்தனை முறை எழுதினேன் என்பதற்குக் கணக்கில்லை. அவர்களில் பலர், ஒரு கணத்துக் கோபத்தில் கைக்கெட்டியதை எடுத்தவர்கள். 1995ஆம் ஆண்டளவில் உலகின் மிக உயர்ந்த தற்கொலை வீதங்களில் ஒன்று இலங்கையினுடையது. அதன்பின் அது மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் குறைந்தது. 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைநாசினிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ், கொடிய நஞ்சுகள் ஒவ்வொன்றாகத் தடைசெய்யப்பட்டமையே இதற்கு முதன்மைக் காரணம் என ஆய்வாளர்கள் கருதுகின்றனர். கைக்கெட்டும் தூரத்தில் நஞ்சு இல்லாதபோது உயிர்கள் தப்புகின்றன என்பதே இதன் பாடம். அவ்வாறிருக்க, ஒற்றைத் தேசிமரத்துக்காகப் பத்தடி அகல லயத்து அறைக்குள் ஒரு போத்தல் நஞ்சை வைத்திருப்பது எவ்வகையில் நியாயம்?

நஞ்சு தேவையென்றாலும் பரவாயில்லை. பெரும்பாலும் தேவையே இல்லை. நானும் அந்த இளைஞரும் மரத்தடியில் நின்று ஒவ்வொன்றாகப் பார்த்தோம்.

சுருண்ட தளிர்களில் வெள்ளிக் கோடுகள் நெளிந்தோடின. அது இலைச்சுரங்கப் புழுவின் வேலை. ஊவாவின் வறண்ட காற்று ஓய்ந்து, மழையோடு மரம் துளிர்விடும் காலத்தில் இப்புழு வந்துவிடும். இலைத்தோலுக்குள் வாழ்வதால் மேலே தெளிப்பது எளிதில் அதைச் சென்றடையாது. வளர்ந்த மரம் இந்தச் சேதத்தைத் தாங்கிக்கொள்ளும்.

இலையில் பறவை எச்சம்போல் ஒட்டியிருந்தது வண்ணத்துப்பூச்சியின் இளம்புழு. வளர்ந்தபின் பச்சையாகும், தொட்டால் கொம்பொன்றை நீட்டி நாற்றம் பரப்பும். அதனைக் கையால் எடுத்துவிடலாம்.

இலைமேல் படிந்திருந்த கரி நோயன்று. அழுக்கணவனும் செதிற்பூச்சியும் கசியவிடும் இனிப்பு நீரில் வளரும் பூஞ்சணம் அது. அந்த இனிப்புக்காக எறும்புகள் அப்பூச்சிகளைக் காவல் காக்கின்றன. சுவரைத் தொடும் கிளைகளை வெட்டி எறும்பின் பாதையைத் தடுத்து, மென்மையான சவர்க்காரம் சிறிது கரைத்த நீரை இலையின் அடிப்புறம் படுமாறு மாலையில் தெளித்தால் போதும். நஞ்சு தெளித்தாலோ, இப்பூச்சிகளைத் தின்னும் பொறிவண்டுகளும் சேர்ந்து மடியும். 1880களின் இறுதியில் கலிபோர்னியாவின் தோடைத் தோப்புகளைச் செதிற்பூச்சியின் பிடியிலிருந்து காப்பாற்றியது, அவுஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட ஒரு பொறிவண்டுதான்.

ஆனால் ஒரு நோய்க்கு நான் உண்மையாகவே அஞ்சுகிறேன். இலை நடுநரம்பின் இருபுறமும் ஒத்திராமல் திட்டுத்திட்டாக மஞ்சளாகும். காய் கோணலாகிக் கசக்கும். மரம் நுனியிலிருந்து காய்ந்துவரும். ‘சிலிட்’ எனப்படும் எள்ளளவுப் பூச்சி பரப்பும் பக்டீரியாவினால் வருவது இது. கறிவேப்பிலையிலும் அப்பூச்சி வாழும். அமெரிக்காவின் புளோரிடாவில் இந்நோய் 2005இல் கண்டறியப்பட்டது. 2003–04 பருவத்தில் அங்கு சுமார் 240 மில்லியன் பெட்டி தோடம்பழம் விளைந்தது. 2022–23இல், புயலும் சேர்ந்துகொள்ள, அது 16 மில்லியனுக்கும் கீழே வீழ்ந்தது. அவர்களிடம் நஞ்சுக்கும் பணத்துக்கும் குறைவிருக்கவில்லை. ஆயினும் நோயுற்ற மரத்தைக் குணமாக்கும் மருந்து இல்லை. நோயுற்றதை அகற்றுவதும், நோயற்ற நாற்றை நடுவதுமே வழி. இலங்கையிலும் இந்நோய் உண்டு. பிபிலைத் தோடையைப் பெருமையாகப் பேசும் ஊவா மாகாணம் இதனை அலட்சியம் செய்யலாகாது.

இவற்றையெல்லாம் யார் மக்களுக்குச் சொல்வது? விவசாயப் போதனாசிரியர்கள் இருக்கிறார்கள். கமநல சேவை நிலையங்களும் இருக்கின்றன. எனினும் அவர்கள் நாடிச் செல்வது காணியுள்ள விவசாயிகளைத்தான். தலைமுறை தலைமுறையாக மண்ணில் உழைத்தும் காணி உறுதி இல்லாத லயத்து மக்கள் அக்கணக்கில் பெரும்பாலும் சேர்வதில்லை. நஞ்சுத் தாங்கியை முதுகில் சுமக்க அவர்களைப் பழக்கியவர்கள், எங்கே அதைச் சுமக்கத் தேவையில்லை என்பதைக் கற்பிக்கவில்லை. 2021இல் இரசாயன உரத்துக்கும் பீடைநாசினிக்கும் விதித்த தடை ஒரே ஆண்டுக்குள் கைவிடப்பட்டது. மாற்று வழியைக் கற்பிக்காமல் கட்டளை மட்டும் இட்டால் என்ன நேரும் என்பதற்கு அதுவே சாட்சி.

மாதத்தில் ஒருநாள் போதனாசிரியர் ஒருவர் லயத்துக்கு வந்து, ஒரு மரத்தடியில் நின்று தமிழில் பேசட்டும். சோதித்த நாற்றுகள் நியாய விலையில் கிடைக்கட்டும். இவை பெருஞ்செலவு பிடிக்கும் கோரிக்கைகள் அல்ல.

அந்த இளைஞர் போத்தலை லயத்துக்குக் கொண்டுபோகவில்லை. எடுத்த களஞ்சியத்திலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார். இப்போது மரத்தில் மீண்டும் தளிர் விட்டிருக்கிறது. சில இலைகளில் வெள்ளிக் கோடுகள் இன்னமும் உண்டு. காய்ப்பில் குறையில்லை. புழு பொறுக்க வருபவள் அவர் மகள். அவளுடைய சிறு கைகளுக்கு அந்த வேலையில் ஆபத்து ஏதுமில்லை.